துணைக்கு வருபவர் பெயர்

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் "சரிம்மா" என்கிறாய். அந்த "சரிம்மா"வைப் போல எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த ஸ்ரீரங்கத்தில் வேறு எதுவும் இல்லை, கொசுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்குச் சரி என்றும் அர்த்தம் இல்லை, முடியாது என்றும் அர்த்தம் இல்லை. பேச்சை முடி, எனக்கு வேலை இருக்கிறது என்றுதான் அர்த்தம். முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தவள் நான். பிடிகொடுக்காமல் பேசுகிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுத்தில் கொடுக்க வேண்டும். அதனால்தான் எழுதி உன் லேப்டாப் பைக்குள் வைக்கிறேன். ஆபீசில் டீ குடிக்கிற நேரத்தில் படி. கடைசி வரை படி.

சிந்துவுக்கு எட்டாம் மாதம் தொடங்கி நாலு நாள் ஆகிறது. ஐந்தாம் மாதத்தில் டாக்டர் சொன்னதை நீயும்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர் வரலாம், புருஷனே வரலாம், ஆனால் சும்மா வந்து நின்றுவிட முடியாது, இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது ஒரு கர்ப்பகால வகுப்புக்குப் போய் முடித்திருக்க வேண்டும் என்றார். அதற்கென்று ஒரு படிவம். அதில் "துணைக்கு வருபவர் பெயர்" என்று ஒரு கட்டம். சிந்து அந்த நிமிஷமே உன்னைப் பார்த்துச் சிரித்தாள். நீ டாக்டரைப் பார்த்து "கண்டிப்பா டாக்டர்" என்றாய். அவள் வீடு வரும்வரை அந்தப் படிவத்தை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அம்மா இல்லாத பெண். அப்பாவும் அண்ணன் வீட்டோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். அவளுக்குத் தலைப்பிரசவத்துக்குப் போய் உட்கார ஒரு தாய்வீடு கிடையாது. நீதான் துணை என்று அவள் நம்பிவிட்டாள். அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது?

அப்புறம் நீ வகுப்பு தேட ஆரம்பித்தாய். பெண் பார்க்கப் போனபோதுகூட நீ இத்தனை இடம் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு ஏழு வகுப்புகளை எழுதினாய். எவ்வளவு தூரம், எந்தக் கிழமை, ஏசி உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா, போய் வந்தவர்கள் எத்தனை ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதற்கு மட்டும் அந்த அட்டவணையில் கட்டம் இல்லை. நான் கேட்டேன். "அதெல்லாம் எல்லாருமே ஒரே மாதிரிதாம்மா" என்றாய். முதலில் போனிலேயே படிக்கிற வகுப்பு ஒன்று. வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே நாலு பாடத்தை முடித்துவிட்டு "இதுல ஒண்ணும் பெருசா இல்ல" என்று மூடினாய். பிரசவத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்க முடிந்தது உலகத்திலேயே உன்னால்தான். அடுத்து சமயபுரம் ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் சனி ஞாயிறு இரண்டு நாள். போய்ப் பார்த்தால் பாதி நேரம் போட்டோ எடுக்கிறார்கள், வயிற்றில் பூப்போட்டு வர்ணம் பூசுகிறார்கள். சிந்து காருக்குள் வந்து உட்கார்ந்ததும் சொன்னாள், "எனக்கு போட்டோல்லாம் வேணாங்க. வலி வந்தா என்ன பண்ணணும்னு யாராச்சும் சொல்லிக்குடுத்தா போதும்." நீ அட்டவணையில் ஒரு வரியை அழித்தாய். அவ்வளவுதான் செய்தாய்.

மூன்றாவதாகக் காவிரிக்கு அந்தப் பக்கம் உறையூர். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் நடத்துவது. ஏசி கிடையாது, வண்டியைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும். நாம் மூன்று பேரும் போனோம். உள்ளே பாயை விரித்து எட்டு ஜோடி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு புருஷனும் பெண்டாட்டியின் முதுகுக்குப் பின்னால் மண்டிபோட்டு, இடுப்பெலும்புக்கு மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்த நர்ஸம்மா ஒவ்வொரு கையாகப் பிடித்துப் பார்த்து, "இன்னும் நல்லா அழுத்துங்க சார், மாவு பெசையற மாதிரி இருந்தா எப்படி?" என்று திருத்திக்கொண்டிருந்தார். உனக்குப் போன் வந்தது. வந்ததா, நீயே எடுத்துக் காதில் வைத்தாயா, எனக்குத் தெரியாது. அரைமணி நேரம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாய். நர்ஸம்மா வாசலுக்கே வந்து, "சார், உள்ள வாங்க. கொழந்த வெளியில பொறக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், சிந்துவும் சிரித்தாள், நீ சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பாயில் ஒரு முஸ்லிம் பாய் இருந்தார், ஞாபகம் இருக்கிறதா? பாலக்கரைக்காரர், துபாயில் வேலை. "மொத கொழந்தைக்கு நான் போன்லதாம்மா பாத்தேன். இந்தத் தடவ லீவு சொல்லிட்டு வந்துட்டேன், இன்ஷா அல்லா கூடவே இருப்பேன்" என்றார். அவர் கடல் தாண்டி வந்து பாயில் உட்கார்ந்திருந்தார். உனக்கு ஆபீஸ் அங்கிருந்து பத்து நிமிஷம்.

அந்த வகுப்புதான் சரி என்று எனக்கும் தெரியும், சிந்துவுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் நீ அந்த வரிக்கு மட்டும் எந்த முடிவும் எழுதாமல் விட்டாய். இந்த இடத்தில்தான் என் வாய் குறுக்கே வந்தது. உன்னை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு வழியில்லை.

வளைகாப்புக்கு நாள் குறித்த அன்று, வந்திருந்த உன் சித்தி ஏதோ கேட்க, நான் வழக்கம்போல "வளையல் போட்டப்புறம் ஆறு தாண்டக் கூடாதுல்ல" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. எனக்குச் சொன்னார்கள், நான் சொன்னேன். பாலம் இல்லாத காலத்தில், பரிசலில் போக வேண்டியிருந்தபோது, பிள்ளைத்தாய்ச்சியை வெள்ளத்தில் ஏற்றாதே என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் நாம் இருப்பது எங்கே? இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். இந்த ஊரில் இருந்துகொண்டு ஆற்றைத் தாண்டாதே என்றால் வீட்டோடு கிட என்று அர்த்தம். அதை நீ அப்படியே பிடித்துக்கொண்டாய். இருபத்தொன்பது வருஷமாக நான் சொன்ன எதையும் கேட்காதவன், தலைக்கு ஹெல்மெட் போடு என்று சொன்னதைக்கூடக் கேட்காதவன், இதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். "உறையூரெல்லாம் வேணாம்மா, நீதானே ஆறு தாண்டக் கூடாதுன்னு சொன்ன?" வளையல் போட்ட பிறகும் ஸ்கேனுக்கு அவள் ஆறு தாண்டினாள். பல்வலிக்குத் தாண்டினாள். உன் சிநேகிதன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு எடமலைப்பட்டி புதூர் வரை நீயே அழைத்துக்கொண்டு போனாய். பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரியே ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வகுப்புக்கு மட்டும் காவிரி குறுக்கே நின்றது.

அப்புறம் ஒரு நாள் வெகு சந்தோஷமாக வந்தாய். "அம்மா, நம்ம தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளியே ஒரு கிளாஸ் இருக்கு. பாலம்லாம் தாண்ட வேணாம். லேடீஸ் மட்டுந்தான். நீயே கூடப் போயிட்டு வா." நான் வாயைத் திறப்பதற்குள் படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினாய். முத்து முத்தான எழுத்து. சிந்து சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா பேப்பரை இறக்கி, "நான் எந்தக் கிளாஸுக்குப் போனேன்? இவன் பொறக்கலையா?" என்றார். அவரை அப்புறம் தனியாகக் கவனித்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பெயரை நீ எழுதியபோது எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அம்மா இல்லாத பெண்ணுக்கு நான் அம்மாவாக இருப்பேன், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. அது உன் தப்பில் எனக்குள்ள பங்கு.

போன வியாழக்கிழமை அந்த வகுப்புக்குப் போனோம். மாடியில் ஒரு ஹால், ஊதுவத்தி வாசனை, மெல்லிசாகப் பாட்டு. எதிரில் மாமியார்களும் அம்மாக்களும் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என்ன சாப்பிட்டால் குழந்தை சிவப்பாக இருக்கும், எந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் குழந்தைக்கு மூளை வளரும் என்று ஒரு மணி நேரம் சொன்னார்கள். சிந்து கையைத் தூக்கி, "மேடம், வலி வரும்போது எப்படி மூச்சு விடணும்?" என்று கேட்டாள். "அதெல்லாம் இப்ப எதுக்குமா நெனைக்கற? நல்லதையே நெனை. வலிய டாக்டர் பாத்துப்பாங்க" என்று பதில் வந்தது. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, பெரியவர்கள் எல்லாம் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், பயமில்லாத மாதிரி சொல்லுங்கள் என்றார்கள். என் முறை வந்தது. நான் எப்போதும் சொல்கிறதைச் சொன்னேன். "எனக்கு ஒண்ணுமே தெரியல. சுகப்பிரசவம். காலையில வலி, மத்தியானம் கையில பையன்."

வெளியே வந்து நடக்கும்போது சிந்து கேட்டாள். "நெஜமாவா அத்தை? ஒண்ணுமே தெரியலையா?"

உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். பாயசத்தை ஊற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவள் அப்படித் திரும்பிக் கேட்டபோது என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஜூஸ் கடையில் உட்கார்ந்து அவளிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். வளைகாப்பு முடிந்ததும் என்னை உறையூரில் என் அம்மா வீட்டில் கொண்டு விட்டார்கள். உன் அப்பா இந்தப் பக்கம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போவார். வலி வந்தது ஒரு திங்கட்கிழமை. ஆஸ்பத்திரியில் கதவை மூடிக்கொண்டார்கள், என் அம்மாவையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நாலு கட்டில். என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வலி எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், இப்படித்தான் இருக்குமா, எனக்கு மட்டும் ஏதாவது தப்பாகிவிட்டதா, எதுவும் தெரியாது. கத்தினேன். ஆயா ஒருத்தி வந்து தொடையில் ஓங்கி அடித்து, "இப்ப எதுக்குக் கத்துற? பக்கத்துல மூணு பேரு இருக்காங்கல்ல" என்றாள். அதற்கப்புறம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். செத்துப்போகிறேன் என்றுதான் நினைத்தேன், தம்பி. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிச்சயமாகவே நினைத்தேன். நீ பிறந்ததும் துடைத்து என் பக்கத்தில் வைத்தார்கள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். உன்னைப் பிடிக்காமல் இல்லை. யாரையும் பார்க்க என்னிடம் தெம்பு மிச்சம் இல்லை. உன்னை நான் முதலில் பார்த்தது சாயந்திரம், உன் அப்பா வந்து "பையன் உன்ன மாதிரியே இருக்கான்" என்று தூக்கிக் காட்டியபோது. இதை அவருக்கும் சொன்னதில்லை.

சிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சொன்னாள். "அத்தை, தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க வேணாம்னு சொல்லல. எனக்கு அவரு வேணும்." எனக்குச் சுருக்கென்றது. மறைக்க மாட்டேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. ஆனால் அவள் கேட்டதில் ஒரு எழுத்து தப்பில்லை. நான் அன்று அந்தக் கட்டிலில் கிடந்து யாரைக் கேட்டேன்? என் மாமியாரையா கேட்டேன்?

உன் மேல் வந்த கோபம் அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை தணியவில்லை. படி ஏறும்போதுதான் உன் மீனா அத்தை ஞாபகத்துக்கு வந்தாள். நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். அவள் நம் வீட்டுக்கு வந்திருந்த சமயம், பிரசவத்துக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. கார் வருவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. நடு அறையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள். நீ கையில் ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து நின்றாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை, நீயாகக் கொண்டுவந்தாய். நான் சொம்பை வாங்கி வைத்துவிட்டு உன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினேன். "ஆம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேல? போ, தெருவுல வெளையாடு." நீ விளையாடவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று முழுவதையும் கேட்டிருக்கிறாய். கார் போனபின் வெளிறிப்போய் உள்ளே வந்து, "அத்தை செத்துடுவாங்களாம்மா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் நீ கேக்கக் கூடாது." அவள் நன்றாக இருக்கிறாள், பெண் பிறந்திருக்கிறது என்று மறுநாள் யாரோ சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. ஒரு ராத்திரி முழுக்க அவள் செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பாயோ என்று, இத்தனை வருஷம் கழித்து, எனக்கு இப்போதுதான் உறைத்தது.

கத்துகிற பெண்ணைக் கண்டால் வெளியே போய்விட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். வெளியே போனவனிடம் ஒன்றுமே இல்லை, சுகப்பிரசவம் என்று பொய் சொன்னதும் நான். இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் வேப்பமரத்தடியில் நிற்காமல் வேறு எங்கே நிற்பான்? இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நிஜமாகக் கேட்கிறேன். ஆனால் மன்னிப்புக் கேட்டுவிட்டதால் உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. அப்போது உனக்குப் பதினொரு வயது. இப்போது தாடி வைத்திருக்கிறாய். உன் பயத்தை அம்மா தலையில் கட்டிவிட்டு, அதை அம்மாவுக்குக் கொடுத்த மரியாதை மாதிரி காட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பயமாக இருக்கிறது என்று அவளிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் உன்னைக் கேலியா செய்திருப்பாள்? ஏழு வகுப்புக்கு அட்டவணை போடுகிற நேரத்தில் அதைச் சொல்லியிருக்கலாம்.

நேற்று நீ ஆபீஸ் போனபின் நானும் சிந்துவும் ஆட்டோ வைத்து உறையூருக்குப் போனோம். ஆமாம், பாலத்தின் மேல்தான் போனோம், நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். பாலத்தில் நெரிசல், அதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. நர்ஸம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்த சனிக்கிழமை சேந்தா ஆறு வாரம் சரியா வரும். அடுத்த பேட்ச்சுன்னா நாள் பத்தாதும்மா" என்றார். உங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணி. பாய் அவர்களே தருவார்கள், இரண்டு தலையணை மட்டும் எடுத்துப் போகவேண்டும். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், நீ கொடுத்து வைத்த படிவத்தைத் திரும்ப வாங்கி, என் பெயரை நானே கோடு போட்டு அடித்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண், "வேற யார் பேர் எழுதணும் மேடம்?" என்று கேட்டாள். நான் உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சிந்து என் கையை அமுக்கினாள். "அவரே எழுதட்டும். இல்லன்னா அப்படியே இருக்கட்டும், நான் தனியாவே போய்க்கறேன்" என்றாள். அழவில்லை, கோபமும் இல்லை. டாக்டர் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். நான் வரட்டுமா என்று வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். மாட்டாள்.

அந்தப் படிவம் இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தியிருக்கிறது. அதை நான் நிரப்ப மாட்டேன். நீ மறந்துபோனால் ஞாபகப்படுத்த மாட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு உனக்கு ஆபீஸ் போன் வந்தால் உன் சார்பில் சிந்துவிடம் சாக்குச் சொல்ல மாட்டேன்.

பயமாக இருந்தால் பயத்தோடேயே வா, தம்பி. அவளுக்கும் பயம்தான். அவளால் வராமல் இருக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா